புதுசா சேர்றவங்ககிட்ட முதல் நாள் என்ன கேக்கணும்? வடசென்னை ஜிம் மாஸ்டர்ங்களும் வர்றவங்களும் பேசலாம்

தண்டையார்பேட்டை மாஸ்டர்

எல்லாருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டை பக்கம் ஒரு சின்ன ஜிம்ல மாஸ்டரா இருக்கேன். காலைல ஆம்பளைங்க பேட்ச், பத்து மணிக்கு லேடீஸ் பேட்ச், சாயந்தரம் காலேஜ் பசங்க.

நம்ம ஏரியாவுல ஒருத்தர் புதுசா சேர வந்தா என்ன நடக்குது? பேரு, போன் நம்பர், மூணு மாசமா ஆறு மாசமா, அவ்ளோதான். அடுத்த நிமிஷம் பெஞ்ச்ல படுக்க வச்சிடுறோம். அவருக்கு சுகர் இருக்கா, ராத்திரி தூங்கினாரா, பகல்ல என்ன வேலை பாக்குறாரு, எதுவும் தெரியாது. நம்மகிட்ட வர்றவங்கள்ல நிறைய பேர் ஏற்கனவே உடம்பால உழைக்கிறவங்க. ஹார்பர்ல மூட்டை தூக்குறவரு, காசிமேட்டுல ஐஸ் பெட்டி இழுக்குறவரு, மணலி பக்கம் நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வீட்டுக்குக் கூட போகாம நேரா வர்றவரு. யூடியூப்ல ஓடுற அஞ்சு நாள் ஷெடியூல் இவங்கள மனசுல வச்சு யாரும் போட்டது கிடையாது.

நான் முதல் நாள் வெயிட்டத் தொட விடுறதில்ல. உக்கார வச்சுப் பேசுவேன். நெஞ்சு வலி, மயக்கம், மாடி ஏறினா மூச்சு வாங்குறது எப்பவாவது இருந்துச்சா, வீட்ல அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சின்ன வயசுலயே ஹார்ட் பிரச்சனை வந்துச்சா, என்ன மாத்திரை போடுறீங்கன்னு கேப்பேன். மாத்திரைப் பேரு சொல்லத் தெரியலன்னா அட்டையக் கொண்டு வரச் சொல்லுவேன். அப்புறம் வேலை, தூக்கம், சாப்பாடு. கடைசியா அஞ்சு நிமிஷம் சும்மா உக்கார வச்சு பிபி பாப்பேன். 140/90 தாண்டினா பக்கத்துல இருக்குற நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஒரு தடவ காட்டிட்டு வரச் சொல்லுவேன், அங்க காசு கிடையாது. 180/110 தாண்டினா அன்னைக்கு ஜிம்மே கிடையாது, நேரா டாக்டர்தான்.

மத்த மாஸ்டர்ங்க என்ன பண்றீங்க? ஜிம்முக்கு வர்றவங்களும் எழுதுங்க. மாஸ்டர் உங்கள என்ன கேட்டிருக்கணும்னு நினைக்கிறீங்க?

வியாசர்பாடி ஸ்ட்ராங்

//நான் முதல் நாள் வெயிட்டத் தொட விடுறதில்ல//

மாஸ்டர், உங்க நல்ல மனசு புரியுது. ஆனா இத்தனை கேள்வி கேட்டா வந்தவன் பக்கத்து ஜிம்முக்குப் போயிடுவான். நம்ம ஆளுங்களுக்கு முதல் நாளே உடம்பு வலிக்கணும். மறுநாள் படிக்கட்டு இறங்க முடியலன்னாதான் "மாஸ்டர் நல்லா ஒர்க் அவுட் குடுத்தாரு"ன்னு நாலு பேருகிட்ட சொல்லுவான். லேசா குடுத்தா காசு வேஸ்ட்டுன்னு நினைப்பான். வாடகை ஏறிட்டே போகுது, கரெண்ட் பில் இருக்கு. கஸ்டமர் நிக்கணும்ல?

இயன்முறை ராயபுரம்

வியாசர்பாடி நண்பருக்கு. நான் பிசியோதெரபிஸ்ட், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

வலி வந்தா பயிற்சி நல்லா நடந்துச்சுன்னு அர்த்தம் இல்லை. பழக்கமில்லாத ஒண்ணை உடம்பு செஞ்சிருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். ரெண்டு மூணு நாள்ல தணியுற வலி சாதாரணம். ஆனா பல வருஷமா ஒண்ணும் செய்யாத ஒருத்தரை முதல் நாளே நூறு பஸ்கி, கை தூக்க முடியாத வரைக்கும் பைசெப்ஸ்னு போட்டு எடுத்தா, தசை நார் உடைஞ்சு அதுல இருக்குற மயோகுளோபின்ங்கிற புரதம் ரத்தத்துல கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். ராப்டோமயோலிசிஸ்னு சொல்வோம். தசை வீங்கிக் கை மடங்காது, நீட்ட முடியாது, சிறுநீர் கருஞ்சிவப்பா போகும். இளநீர் குடிச்சிட்டு வீட்ல படுத்திருக்குற விஷயம் இல்லை இது, அன்னைக்கே ஆஸ்பத்திரி போகணும். வெயில், தண்ணி குடிக்காதது, முந்தின ராத்திரி சரக்கு மூணும் சேர்ந்தா ஆபத்து கூடும். கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை போடுறவங்க இன்னும் கவனமா ஆரம்பிக்கணும்.

புதுசா வர்றவருக்கு முதல் ரெண்டு வாரம் ஒரு பயிற்சிக்கு ஒண்ணு, மிஞ்சிப் போனா ரெண்டு செட். "இன்னும் மூணு நாலு தடவ தூக்க முடியும்"னு தோணும்போதே ராடை வச்சிடணும். தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது, அடக்குற அந்த நொடியில பிபி கடகடன்னு ஏறும். இதைச் சொல்லிக் கொடுக்குறதே முதல் வாரத்து வேலை.

மாத்திரை அட்டையைப் பார்க்குறதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அட்டெனலால், மெட்டோப்ரோலால் மாதிரி பிபி, ஹார்ட் மாத்திரை போடுறவருக்கு எவ்வளவு ஓடினாலும் நாடித்துடிப்பு பெருசா ஏறாது. 220ல வயசைக் கழிச்சா வர்றதுதான் உச்சத் துடிப்புன்னு சொல்ற அந்தக் கணக்குக்கு அவரை விரட்டினா மனுஷன் தாங்க மாட்டார். அவருக்குப் பேச்சுதான் அளவு. நடக்கும்போது முழு வாக்கியம் பேச முடியுதா, சரியான வேகம். ரெண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்குறாரா, குறைக்கணும்.

காசிமேடு விசைப்படகு

மாஸ்டர், நம்ம பக்கத்து விஷயம் ஒண்ணு சொல்றேன், இத யாரும் யோசிக்கிறதே இல்ல.

ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரிக்கும் 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போவாது. எங்க பசங்க ஜிம்முல சேர்றதே அப்பதான். மத்த மாசத்துல போட்டுல ஏறினா கரைக்கு எப்ப வருவோம்னே சொல்ல முடியாது, ஜிம்முக்கு எங்க போறது? அதனால ரெண்டு மாசத்துல பாடி ஏத்திறணும்னு காலைல ஒரு வாட்டி சாயந்தரம் ஒரு வாட்டி வெறி புடிச்ச மாதிரி அடிக்கிறான். அதுவும் கத்திரி வெயில்ல. மேல சிமெண்ட் ஷீட்டு, ஒரே ஒரு ஃபேன். கைல காசு இல்லாத மாசம், நல்ல சாப்பாடும் இருக்காது. போன தடைக்காலத்துல எங்க தெரு பையன் ஒருத்தன் உள்ளயே சுருண்டு வுழுந்தான். இவனுங்களுக்கு இன்னா பண்ணலாம்?

தண்டையார்பேட்டை மாஸ்டர்

அண்ணே, ரொம்ப முக்கியமான விஷயம். எங்க ஜிம்லயும் ஏப்ரல் கடைசில திடீர்னு கூட்டம் ஏறும்.

கடல்ல வெயில் பழகின பசங்கதானேன்னு நாம நினைக்கக் கூடாது. கடல்ல காத்து இருக்கு. ஷீட்டு கூரைக்குக் கீழ புழுக்கத்துல வேர்வை வழியுமே தவிர காயாது. காயலன்னா உடம்பு சூடு இறங்காது. அந்தப் புழுக்கத்துல பயிற்சி பண்ண உடம்பு பழக ஒரு வாரத்துலேந்து ரெண்டு வாரம் ஆகும். அதனால தடைக்காலத்துல சேர்றவங்களுக்கு முதல் பத்து நாள் காலைல ஆறு மணி பேட்ச் மட்டும், நாப்பது நிமிஷம். ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி வந்தா சாயந்தரம் திருப்பி அனுப்பிடுவேன். தண்ணி கேன் உள்ளயே இருக்கும், மோர் கொண்டு வந்தா இன்னும் நல்லது.

தலை சுத்தல், குமட்டல், தசை பிடிப்பு வந்தா உடனே வெளிய காத்துல உக்கார வைக்கணும். உடம்பு நெருப்பா கொதிக்குது, பேச்சு குழறுது, ஆள் யாருன்னு தெரியலன்னா அது வெயில் தாக்கம். 108க்கு ஃபோன் போட்டுட்டு வண்டி வர்ற வரைக்கும் சும்மா நிக்காம பச்சத்தண்ணிய உடம்பு பூரா ஊத்தி விசிறணும். நினைவு இல்லாதவர் வாயில தண்ணி ஊத்தக் கூடாது.

இன்னொண்ணு, ரெண்டு மாசத்துக்கு அப்புறம் எல்லாம் போயிடும்னு பசங்க பயப்படுறாங்க. ஏத்தின பலத்தைக் காப்பாத்த வாரத்துல ஒரு நாள் பயிற்சியே போதும், அந்த ஒரு நாள் லேசா இருக்கக் கூடாது, அவ்ளோதான். போட்டுல தண்டால், ஒத்தக் கால் பஸ்கி, கம்பியில தொங்கி இழுக்குறது, கடல் அமைதியா இருக்குற நேரமா பாத்துப் பண்ணினா அடுத்த தடைக்காலம் வரைக்கும் பெருசா எதுவும் போகாது.

ஹார்பர் கேட்

நான் மூட்டை தூக்குற வேலை. 41 வயசு. ஒரு நாளைக்கு எத்தனை 50 கிலோ மூட்டைனு கணக்கு வச்சிக்கிறது இல்ல. இவ்ளோ தூக்கியும் தொப்பை கீது, இடுப்பு வலி கீது, இப்ப பிபியும் வந்துட்ச்சி. "உனக்கு எதுக்குபா ஜிம்மு"ன்னு வீட்ல கேக்குறாங்க. ஒரு ஜிம்முல சேந்தேன். நான் இன்னா வேலை செய்றேன்னு மாஸ்டர் கேக்கவே இல்ல. உடம்பப் பாத்துட்டு "அண்ணே நீங்க ஸ்ட்ராங்கு"ன்னு தரைலேந்து ராடு தூக்குற டெட்லிஃப்ட் போட சொல்லிட்டாரு. மறுநாள் குனிய முடியல, வேலைக்குப் போவல, கூலி போச்சு. மறுக்கா அங்க போவல.

எனக்கு ஜிம்மு தேவையா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க.

எண்ணூர் நைட் ஷிஃப்ட்

அண்ணா, உங்க வேலையே எக்சர்சைஸ்தான். ஜிம்முக்குக் காசு கட்டுறதுக்கு பதிலா அந்தக் காசுல முட்டை வாங்கிச் சாப்பிட்டு நல்லா தூங்குங்க.

இயன்முறை ராயபுரம்

//உங்க வேலையே எக்சர்சைஸ்தான்//

இங்க நான் வேறுபடுறேன். நல்லா தூங்கச் சொன்னது சரிதான். ஆனா சுமை தூக்குற வேலையும் உடற்பயிற்சியும் உடம்புக்கு ஒண்ணு இல்லை. பயிற்சின்னா இருபது முப்பது நிமிஷம் இதயத்தை வேகமா ஓட விட்டு, அப்புறம் நல்லா ஓய்வு. வேகம் நம்ம கையில. மூட்டை வேலையில எட்டு மணி நேரமும் பிபி ஏறின நிலையிலயே இருக்கு, வேகத்தை மேஸ்திரி முடிவு பண்றார், ஓய்வு லாரி முடிவு பண்றது. ஓய்வு நேரத்துல பண்ற பயிற்சி இதயத்துக்குக் கொடுக்குற பாதுகாப்பைக் கடுமையான உடலுழைப்பு கொடுக்குறது இல்லைன்னு ஆய்வாளர்கள் பல வருஷமா சொல்லிட்டு வர்றாங்க. ஹார்பர் அண்ணனுக்கு பிபி வந்ததுல ஆச்சரியம் இல்லை.

அதனால ஜிம் தேவை. ஆனா வேலையில ஏற்கனவே தேய்ஞ்ச இடத்துலயே மறுபடியும் பாரம் ஏத்துற ஜிம் தேவையில்லை.

அண்ணா, ஒண்ணு மட்டும் முதல்ல சொல்லுங்க. இடுப்பு வலி கால் வழியா முட்டிக்குக் கீழ இறங்குதா? பாதம் மரத்துப் போகுதா? உக்கார்ற இடத்துல உணர்ச்சி குறைஞ்சாலோ, சிறுநீர் அடக்க முடியாமப் போனாலோ, வராம அடைச்சுக்கிட்டாலோ அன்னைக்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போயிடணும், தள்ளிப் போடவே கூடாது.

ஹார்பர் கேட்

அதெல்லாம் இல்ல டாக்டர். கீழ எறங்கல. காலைல எழுந்தா பலகை மாதிரி புடிச்சிக்கும், வேலை ஆரம்பிச்சா கொஞ்சம் வுடும்.

தண்டையார்பேட்டை மாஸ்டர்

அண்ணே, உங்களுக்கு நான் ஷெடியூல் போட்டா இப்படித்தான் போடுவேன். டாக்டர் தப்பு இருந்தா திருத்துங்க.

வாரத்துல ரெண்டே நாள். மறுநாள் லீவு இருக்குற மாதிரி ஒண்ணு, நடுவுல வேலை கம்மியா இருக்குற நாள் ஒண்ணு. வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போய் சாப்பிட்டு ஒரு மணி நேரம் படுத்துட்டு வாங்க, நேரா வராதீங்க. நீங்க நாள் பூரா முன்னாடி குனிஞ்சு, தலையிலயும் தோள்லயும் ஏத்துறீங்க. அதனால ஜிம்முல தோளுக்கு மேல தூக்குறது எதுவும் வேணாம். மல்லாக்கப் படுத்து இடுப்பத் தூக்குறது, ஒரு பக்கமா படுத்து முழங்கைய ஊனி இடுப்பத் தூக்கி அப்படியே நிறுத்துறது, கேபிள்ல உக்காந்து பின்னாடி இழுக்குறது. டெட்லிஃப்டுக்கு வெறும் கம்பு ஒண்ண முதுகோட சேத்துப் புடிச்சு, முதுகு வளையாம இடுப்புல மட்டும் மடங்கக் கத்துக்கிறது. கம்பு தலை, முதுகு, பின்பக்கம் மூணையும் தொட்டபடியே நிக்குற வரைக்கும் ராடு கிடையாது. அந்த மடிப்பு பழகிட்டா வேலையில மூட்டை எடுக்குற விதமும் மாறும், அங்கதான் உங்களுக்கு லாபம்.

அப்புறம் இருபது நிமிஷம் சைக்கிள், பேசிக்கிட்டே மிதிக்கிற வேகத்துல. இது பிபிக்கு. சாப்பாட்டுல உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூன். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூணும் ஒரே வேளையில வச்சிக்கிட்டா அங்கயே அது தாண்டிடும்.

ஒரு வாரம் லோடு ஜாஸ்தியா வந்துச்சுன்னா அந்த வாரம் ஜிம்முக்கு வந்து வெறும் சைக்கிள் மட்டும் மிதிச்சிட்டுப் போங்க. உடம்புக்கு இது கம்பெனி வெயிட், இது ஜிம் வெயிட்னு தனித்தனிக் கணக்கு கிடையாது.

வியாசர்பாடி ஸ்ட்ராங்

இது எனக்குப் புது விஷயம், ஒத்துக்குறேன். என்கிட்டயும் நாலஞ்சு லோடுமேன் அண்ணன்ங்க இருக்காங்க. எல்லாருக்கும் காலேஜ் பசங்களுக்குக் குடுக்குற அதே அஞ்சு நாள் ஷெடியூல்தான் ஓடுது. வேலை என்னன்னு கேக்குறது ஒரு நிமிஷ விஷயம், அத இனிமே கேப்பேன்.

புளியந்தோப்பு அக்கா

தம்பிங்களா, லேடீஸ் பக்கமும் கொஞ்சம் பேசுங்க. ஹவுசிங் போர்டுல நாலாவது மாடி எங்களுக்கு. தண்ணி வரலன்னா குடம் குடமா தூக்கி ஏறணும். எனக்கு 48. சுகர் இருக்கு, மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சேர்ந்த மாத்திரை போடுறேன், மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே கொண்டு வந்து குடுப்பாங்க. ஒரு நாள் மாத்திரை போட்டுட்டு வீட்டு வேலையில நாஷ்டா தள்ளிப் போயிடுச்சு, அப்படியே ஜும்பா கிளாஸ். பாதியில கை நடுங்கி, சில்லுனு வேர்த்து, கண்ணு இருட்டிடுச்சு. அங்க இருந்தவங்க "பிபி லோ ஆயிடுச்சு"ன்னு மூஞ்சியில தண்ணி தெளிச்சாங்க. ஒரு பொண்ணு மட்டும் பையிலேந்து சாக்லேட் எடுத்துக் குடுத்துச்சு, அதுக்கப்புறம்தான் தெளிஞ்சுது. கிளாஸ் எடுக்குறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்க வேணாமா?

இன்னொண்ணு, நேர்ல கேக்க முடியாதது. குதிக்கச் சொன்னா கொஞ்சம் யூரின் வந்துடுது. எனக்கு மட்டும் இல்ல, பின்னாடி வரிசையில நிக்குற பாதி பேருக்கு இதான் பிரச்சனை, அதனாலதான் பின்னாடி நிக்குறோம். மாஸ்டர் ஆம்பள, எப்படிச் சொல்றது?

நர்ஸ் திருவொற்றியூர்

அக்கா, இதை எழுதினதுக்கு நன்றி. இந்த இழையைப் படிக்கிற எல்லா மாஸ்டரும் இந்தப் பதிவை ரெண்டு தடவ படிக்கணும்.

உங்களுக்கு வந்தது சுகர் குறைஞ்சதோட அறிகுறி. தசை வேலை செய்யும்போது ரத்தத்துல இருக்குற சர்க்கரையை நேரடியா இழுத்துக்கும். அதனாலதான் சுகர்காரங்களுக்கு உடற்பயிற்சி நல்லது. ஆனா கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் எடுத்துக்கிறவங்களுக்கு மருந்து ஒரு பக்கம் இறக்கும், பயிற்சி இன்னொரு பக்கம் இறக்கும். வெறும் வயிறு மூணாவது. மெட்ஃபார்மின் மட்டும் போடுறவங்களுக்கு இந்தப் பயம் ரொம்பக் குறைவு. அதனாலதான் "சுகர் இருக்கா"ன்னு கேட்டா பத்தாது, எந்த மாத்திரைன்னு கேக்கணும்.

நடுக்கம், சில்லுனு வேர்வை, படபடப்பு, தடுமாற்றம் வந்தா, சுகர் பாக்குற மெஷின் இருந்தா பாருங்க, 70க்குக் கீழ இருந்தா குறைவு. மெஷின் இல்லன்னா குறைவுன்னே வச்சுக்குங்க. மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணில கலக்கிக் குடுங்க. பதினஞ்சு நிமிஷத்துல சரியாகலன்னா இன்னொரு தடவ. தெளிஞ்சதும் இட்லி, பிரெட், ஏதாவது சாப்பிடணும், அன்னைக்குப் பயிற்சி அதோட முடிஞ்சுது. மயங்கிட்டா வாயில எதையும் போடாதீங்க, 108. ஒவ்வொரு ஜிம்லயும் ஒரு டப்பா சர்க்கரை இருக்கணும், பூட்டாத அலமாரியில. அடிக்கடி இப்படி ஆச்சுன்னா டாக்டர்கிட்ட சொல்லி அளவை மாத்துங்க, நீங்களா மாத்திரையை நிறுத்தாதீங்க.

சுகர் இருக்குறவங்க வெறுங்காலோட பயிற்சி பண்ணக் கூடாது. ஷூ போடுறதுக்கு முன்னாடி உள்ள கை விட்டுப் பாருங்க, ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பாருங்க. கண்ணுல சுகரால ரத்தக்கசிவு இருக்குன்னு சொல்லியிருந்தா கண் டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் கனமான வெயிட்டும் வேணாம், குதிக்கிறதும் வேணாம்.

ரெண்டாவது கேள்விக்கு. பிரசவத்துக்கு அப்புறம் இது ரொம்பப் பேருக்கு வரும், இதுக்கு வைத்தியம் இருக்கு. சிறுநீரை அடக்குற மாதிரி உள்தசையை இறுக்கி அஞ்சாறு நொடி வச்சு விடணும், பத்துத் தடவ, ஒரு நாளைக்கு மூணு வேளை. மூச்சை அடக்காம, வயித்தை இறுக்காம. மூணு மாசம் விடாம செஞ்சா நிறைய பேருக்கு நல்ல வித்தியாசம் தெரியும். அதுவரைக்கும் குதிக்கிற இடத்துல நின்ன இடத்துலயே கால் தூக்கி நடங்க. மாஸ்டர்கிட்ட "எனக்கு ஜம்ப் வேணாம், பிசியோ சொல்லியிருக்காங்க"ன்னு ஒரே வரி சொன்னா போதும், காரணம் சொல்லத் தேவையில்லை.

மாஸ்டர்ங்களுக்கு: ஒரு அம்மா குதிக்க மாட்டேன்னா சோம்பேறின்னு நினைக்காதீங்க. சீக்கிரம் மூச்சு வாங்குதுன்னாலும் சோம்பேறித்தனம் இல்ல. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல 15லேந்து 49 வயசுப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முதல்ல ஹீமோகுளோபின் பாத்துட்டு வரச் சொல்லுங்க, 12க்குக் கீழ இருந்தா அதை சரி பண்ணாம ஓட வச்சுப் பிரயோஜனம் இல்லை.

இயன்முறை ராயபுரம்

நர்ஸ் சொன்னது எல்லாம் சரி. சிசேரியன் ஆனவங்க குறைஞ்சது ஆறு வாரம் கழிச்சு, டாக்டர் பாத்து சரின்னு சொன்னதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கணும். ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் பத்துப் பதினஞ்சு நிமிஷம் நடங்க, சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுற சுகர் அதுலயே குறையும். ஹவுசிங் போர்டு வராந்தா போதும்.

கொருக்குப்பேட்டை 19

அண்ணா, எனக்கு ஒரு டவுட். கேபிள் ஆபீஸ்ல வேலை பாக்குறேன். மாஸ்டர் புரோட்டீன் டப்பா வாங்கலன்னா பாடி ஏறவே ஏறாதுன்னு சொல்றாரு. அவரே வாங்கித் தர்றேன்றாரு. ஒரு டப்பா என் சம்பளத்துல பாதி. வாங்கணுமா?

தண்டையார்பேட்டை மாஸ்டர்

தம்பி, வாங்காத. உன் வெயிட் 60, 70 கிலோன்னு வச்சுக்குவோம். சாதாரணமா ஒருத்தருக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம்னு ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சொல்லுது. வெயிட் அடிக்கிறவனுக்கு 1.2லேந்து 1.6 கிராம் வரைக்கும் போகலாம். 70 கிலோன்னா 84லேந்து 112.

இப்ப நம்ம வீட்டு சாப்பாட்ட எண்ணு. மூணு முட்டை 18. காசிமேட்டு மீன், கவளையோ கானாங்கெளுத்தியோ, 150 கிராம் சதைன்னா 30. ரேஷன் துவரம்பருப்பு 50 கிராம்ல 11. ஒரு கை மூக்கடலை சுண்டல் 10. பால் தயிர் சேர்த்து 300 மில்லின்னா 9. நாள் பூரா சாப்பிடுற சோத்துலயே சுமார் 20 இருக்கு. கூட்டிப் பாரு, 98. சாயந்தரம் ஒரு பொட்டலம் வேர்க்கடலைல இன்னும் 7. மீன் கிடைக்காத நாளுக்கு மாட்டுக்கறியோ சிக்கனோ சோயா உருண்டையோ. டப்பால இருக்குறதும் பால்லேந்து எடுத்த புரதம்தான், வேலைக்கு நடுவுல சாப்பிட நேரமே இல்லாதவங்களுக்கு வசதி, அவ்ளோதான். உன்னை மாதிரி சம்பளத்துல பாதியக் குடுத்து வாங்குற பொருள் இல்ல. கிட்னில பிரச்சனை இருக்குறவங்க டாக்டரைக் கேக்காம புரதத்தை ஏத்தவே கூடாது.

வியாசர்பாடி ஸ்ட்ராங்

டப்பா விஷயத்துல மாஸ்டர்ங்கள மட்டும் திட்டாதீங்க. ஜிம் ஓனர் குடுக்குற சம்பளத்துல வீட்டு வாடகையே கட்ட முடியாது. டப்பால வர்ற கமிஷன்தான் பசங்க ஸ்கூல் ஃபீஸ். கஸ்டமரும் மாசம் எழுநூறு எண்ணூறுக்கு மேல ஃபீஸ் குடுக்க மாட்றாங்க. சொல்லிக் குடுக்குறதுக்கு நியாயமான காசு வந்தா எவன் டப்பா விக்கப் போறான்?

தண்டையார்பேட்டை மாஸ்டர்

நீங்க சொல்ற கஷ்டம் நிஜம், நானும் அதே சம்பளம்தான். ஆனா பத்தொம்பது வயசுப் பையன் பாக்கெட்ல கை வச்சு அத சரி பண்ண முடியாது. நான் டப்பா விக்கிறத நிறுத்திட்டு, தனியா கவனிச்சுச் சொல்லித் தர்றதுக்கு வாரம் ரெண்டு மணி நேரம் தனி ஃபீஸ்னு வச்சேன். சுகர், பிபி இருக்குறவங்க வீட்ல சந்தோஷமா குடுக்குறாங்க, ஏன்னா அவங்க மாத்திரைப் பேரு எனக்குத் தெரியும்.

பெயர் வேணாம்

புது ஐடில எழுதுறேன். ஆணழகன் போட்டிக்கு ரெடி ஆகுறேன். எங்க செட்ல எல்லாரும் ஊசி போடுறாங்க. ஒர்க் அவுட்டுக்கு முன்னாடி போட்டா டயர்டே தெரியாதுன்னு ஒண்ணு, சதை ஏற ஒண்ணு. நான் ரெண்டாவத ஆரம்பிச்சுட்டேன். மார்ல கட்டி மாதிரி தெரியுது. நிறுத்தினா எல்லாம் போயிடும்னு சொல்றாங்க.

மட்டுறுத்துநர்

மருந்துப் பேர், அளவு, கிடைக்கிற இடம் யாரும் எழுத வேண்டாம். எழுதினால் நீக்கப்படும். உதவுற மாதிரி பதில் மட்டும்.

நர்ஸ் திருவொற்றியூர்

தம்பி, இங்க எழுதினது நல்ல காரியம். யாரும் உன்னைத் திட்ட மாட்டோம்.

டயர்ட் தெரியாம இருக்கப் போடுறது ஆபரேஷன் நேரத்துல பிபி விழுந்தா மயக்க மருந்து டாக்டர் கொடுக்குற மருந்து. நல்லா இருக்குறவன் போட்டா பிபியும் துடிப்பும் கண்ணாபின்னான்னு ஏறும். அதோட வெயிட்டும் தூக்கினா இதயத்துக்கு என்ன ஆகும்னு யோசி. அது இல்லாம இருக்க முடியாதுன்னு அடிமையும் ஆக்கும். நீ அதை ஆரம்பிக்கலன்னா ஆரம்பிக்கவே வேணாம்.

சதை ஏறப் போடுறது ஆண் ஹார்மோன் வகை. வெளியிலேந்து வந்தா உடம்பு தானா சுரக்குறத நிறுத்திடும். விந்தணு குறையும், விதை சுருங்கும், நல்ல கொலஸ்ட்ரால் இறங்கும், இதயத் தசை தடிக்கும். மார்ல வர்ற கட்டி அதோட விளைவாதான் பெரும்பாலும் இருக்கும், சீக்கிரம் காட்டினா மாத்திரைலயே சரியாக வாய்ப்பு இருக்கு, விட்டா ஆபரேஷன்தான். சும்மா நிறுத்திட்டு வீட்ல உக்காராத, அந்த நேரத்துல மனசு ரொம்ப இறங்கிப் போகும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில ஹார்மோன் பிரச்சனை பாக்குற நாளமில்லாச் சுரப்பிப் பிரிவு இருக்கு, அங்க போய் உள்ளதை உள்ளபடி சொல்லு. ஊசியை யாரோடயாவது பங்கு போட்டிருந்தா மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி டெஸ்ட்டும் எடுத்துடு.

பழைய பாக்ஸர்

இந்தத் தம்பிக்கு ஒண்ணு சொல்லணும். ராயபுரம் பக்கம் நான் பாக்ஸிங் கத்துக்கிட்ட வாத்தியார் ரிங்குக்குள்ள விடுறதுக்கு முன்னாடி "சாப்ட்டியா, தூங்கினியா, இன்னாத்துக்கு மூஞ்சி வாடிக் கெடக்குது"ன்னு மூணும் கேட்டுட்டுதான் கிளவுஸ் கட்டுவாரு. எடை குறைக்கணும்னு பட்டினி கெடந்து வந்தவன அன்னைக்கு ஸ்பாரிங் பண்ண விட மாட்டாரு. உன்கிட்ட எதையும் கேக்காம ஊசியை நீட்டுறவன வாத்தியார்னு கூப்பிடாத தம்பி. உனக்கு ஏறுற சதைல அவன் பேரு வாங்குறான், வர்ற வியாதி உனக்கு.

பெயர் வேணாம்

நன்றி அண்ணா, அக்கா. திங்கக்கெழம லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன்.

எண்ணூர் நைட் ஷிஃப்ட்

எங்க பக்கத்துலேந்து ஒரு வேண்டுகோள். 2023 டிசம்பர்ல அமோனியா கசிஞ்ச ராத்திரிய இங்க யாரும் மறக்கல. அது பெரிய விஷயம், ஆனா கேஸ் வாடையும் புகையும் சாதாரண நாள்லயும் வரும். கண்ணு எரிஞ்சா, தொண்டை அரிச்சா வெளிய ஓட்டம் வேணாம்னு மாஸ்டர்ங்க சொல்லணும். ஓடும்போது ஒரு ஆள் இழுக்குற காத்து பல மடங்கு. ஆஸ்துமா இருக்குறவங்க இன்ஹேலரை வண்டில வைக்காம இடுப்புல வச்சிக்கணும்.

மண்ணடி ஜிம் பையன்

எல்லாரும் நல்லா எழுதியிருக்கீங்க. என் பக்கத்துலேந்து ஒண்ணு. ரமலான் மாசம் பசங்க ஒண்ணு முழுசா நிறுத்திடுறாங்க, இல்ல நோன்போட மத்தியானம் வந்து அடிக்கிறாங்க. மாஸ்டர்ங்க எந்த நேரம் சொல்லுவீங்க?

தண்டையார்பேட்டை மாஸ்டர்

தம்பி, நோன்போட கனமா எதுவும் வேணாம். நோன்பு திறக்குறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி லேசா நடக்கலாம், முடிச்ச உடனே தண்ணி கிடைக்கும். வெயிட் அடிக்கணும்னா நோன்பு திறந்து கஞ்சி சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு, இல்லன்னா தராவீஹ் தொழுகைக்கு அப்புறம். வழக்கமா அடிக்கிற செட்டுல பாதி போதும், வெயிட்ட மட்டும் குறைக்காத. விடியறதுக்கு முன்னாடி சாப்பிடுற சஹர் சாப்பாட்டுல முட்டை, தயிர், பருப்பு கண்டிப்பா இருக்கணும், வெறும் டீ பன் ஆகாது. இன்சுலின், கிளிமெபிரைடு எடுக்குறவங்க ரமலானுக்கு முந்தின மாசமே டாக்டரைப் பார்த்து மாத்திரை நேரத்தையும் அளவையும் கேட்டுக்கணும்.

எங்க ஜிம்ல வர்ற ரமலானுக்கு ராத்திரி பத்தரைலேந்து பதினொன்றரை வரைக்கும் ஒரு பேட்ச் போடலாம்னு ஓனர்கிட்ட கேட்டிருக்கேன். பதினைஞ்சு பேர் சேர்ந்தா ஷட்டரைத் திறந்து வைக்கிறேன்னு சொல்லியிருக்காரு. தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் இருக்குறவங்க இங்கயே பேரு குடுங்க. கூட மாத்திரை அட்டையும்.